வாட்டர் சர்வீஸ் பம்புக்கு டிரைவ் போடுமுன்: கரண்ட் எங்கே வீணாகிறது, எப்படி நிறுத்துவது

சேலத்தில் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கமோ ஐந்து ரோடு பக்கமோ ஏதாவது ஒரு வாட்டர் சர்வீஸ் முன்னால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். காருக்கு நுரை அடித்துவிட்டுப் பையன் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் அடிக்கும் கன் தரையில் கிடக்கும். உள்ளே பம்பு மட்டும் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் கரண்ட் பில் வருகிறது.

வி.எஃப்.டி. என்றும், கடைப்பேச்சில் வெறுமனே டிரைவ் என்றும் சொல்லும் பெட்டி, மோட்டாருக்குப் போகும் கரண்டின் ஹெர்ட்ஸைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும். விற்க வருபவர்கள் பாதிக்குப் பாதி மிச்சம் என்பார்கள். ஆனால் இரண்டு கன்னையும் அழுத்தி முழு பிரஷரில் அடிக்கும் நேரத்தில் டிரைவ் ஒரு பைசாகூட மிச்சம் பிடிக்காது. மாறாக, உள்ளே போகும் கரண்டில் சுமார் 3 சதவீதத்தைத் தானே சூடாக்கித் தீர்க்கும். தேவைக்கு மேல் தண்ணீரோ காற்றோ போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும்தான் மிச்சம் வரும். அந்த நேரம் உங்கள் கடையில் எவ்வளவு என்று தெரியாமல் டிரைவ் வாங்கக் கூடாது.

முதலில் அளவெடுங்கள்

கணக்குக்கு ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம்: 7.5 எச்.பி., 1440 ஆர்.பி.எம்., 3 பேஸ் மோட்டார். பெல்ட்டில் ஓடும் மூன்று பிளஞ்சர் பம்பு, அதாவது மூன்று தண்டு முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரைத் தள்ளும் ஒரே பம்பு. நிமிஷத்துக்கு 20 லிட்டர், 120 பார், இரண்டு கன்.

பிரஷரை பாரிலும் தண்ணீரை நிமிஷத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தண்ணீருக்குள் போகும் கிலோவாட் கிடைக்கும். 120 × 20 ÷ 600 = 4 கிலோவாட். பம்பு, பெல்ட், மோட்டார் மூன்றும் தின்பதைச் சேர்த்தால் மீட்டரில் ஏறுவது சுமார் 5.5 கிலோவாட், அதாவது மணிக்கு ஐந்தரை யூனிட்.

உங்கள் செட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். லோடு இல்லாத மோட்டாரும் முழு ஆம்பியரில் பாதிக்குப் பக்கமாகக் காட்டும்; ஆனால் அப்போது அது தின்னும் யூனிட் மிகக் குறைவு. மின்வாரிய மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்குதான் சரியான சாட்சி. ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்; அதைத்தான் கீழே மீட்டர் எண் என்கிறோம். கம்ப்ரசர், லைட், வேக்குவம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓட்டுங்கள். செல்போனில் மீட்டரை வீடியோ எடுத்து, 20 மினுக்குக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். மினுக்கு எண்ணிக்கை × 3600 ÷ (மீட்டர் எண் × விநாடி) என்பது கணக்கு. மீட்டர் எண் 800 ஆக இருந்து 20 மினுக்குக்கு 16.4 விநாடி ஆனால் 5.5 கிலோவாட்.

இதை மூன்று நிலையில் செய்ய வேண்டும்: இரண்டு கன்னும் திறந்து, ஒரு கன் மட்டும் திறந்து, இரண்டையும் மூடி.

கன் மூடியிருக்கும்போது வரும் எண்தான் முக்கியம். பம்புத் தலையிலுள்ள கேஜையும் அப்போதே பாருங்கள். முள் 120-லேயே நின்று, மீட்டரும் அதே வேகத்தில் மினுக்கினால் உங்களிடம் இருப்பது பிரஷரைப் பிடித்துவைக்கும் ரெகுலேட்டர் வகை பைபாஸ் வால்வு. தண்ணீர் 120 பார் வரை ஏறி, வால்வைப் பிதுக்கிக்கொண்டு டேங்குக்கே திரும்புகிறது. யாருக்கும் உதவாத வேலைக்கு முழு கரண்ட். முள் சடாரென்று இறங்கிவிட்டால் அது அன்லோடர் வகை. பம்பு சும்மா சுற்றுகிறது, வீணாவது கொஞ்சம்தான்.

ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் டேங்குக்குப் போகாமல் பம்பின் இன்லெட் குழாயிலேயே சேர்த்திருந்தால் கரண்ட் வீணாவதோடு பம்பும் கெடும். 4 கிலோவாட்டும் அந்தச் சின்னச் சுற்றிலுள்ள 2 லிட்டர் தண்ணீருக்குள் சூடாக இறங்கினால் நிமிஷத்துக்குச் சுமார் 28 டிகிரி ஏறும். இரண்டே நிமிஷத்தில் கை வைக்க முடியாது. பிளஞ்சர் சீல் அடிக்கடி போகிறது என்று அலுத்துக்கொள்ளும் பல இடங்களில் காரணம் இதுதான். டிரைவ் போடுகிறீர்களோ இல்லையோ, பைபாஸ் குழாயை இன்றே டேங்குக்குத் திருப்பிவிடுங்கள்.

பிறகு வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வண்டிக்குக் குறியுங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து செம்மண் அப்பி வரும் ஜீப்புக்கும் நகரத்துக்குள்ளேயே ஓடும் காருக்கும் கணக்கு ஒன்றல்ல. ஜீப் என்றால் அடிப்பாகத்துக்கும் சக்கரத்துக்கும் இரண்டு கன்னும் ஆறேழு நிமிஷம், நுரை அடித்துத் தேய்க்கப் பத்து நிமிஷம் கன் மூடல், அலச ஒரு கன் ஆறு நிமிஷம் என்று போகும். சங்ககிரிப் பக்கம் லாரி கழுவும் இடங்களில் இரண்டு கன்னும் ஓயாமல் அடிக்கும். மூடியிருக்கும் நேரம் சொற்பம். அங்கே டிரைவுக்கு வேலையே இல்லை.   

மிச்சம் எவ்வளவு வரும்

நாளில் பம்பு 7 மணி நேரம் ஓடுகிறது. அதில் இரண்டு கன் 3 மணி, ஒரு கன் 2 மணி, கன் மூடல் 2 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் பைபாஸ் இருந்தால் மூன்று நிலையிலும் 5.5 கிலோவாட்தான், நாளுக்கு 38.5 யூனிட்.

டிரைவ் போட்டபின் இரண்டு கன் நேரத்துக்கு 17 யூனிட் ஆகும். முன்பைவிட அரை யூனிட் அதிகம், அது டிரைவ் தின்பது. ஒரு கன் நேரத்தில் பாதி வேகம், பாதித் தண்ணீர், அதே பிரஷர். மணிக்கு 3 யூனிட், ஆக 6. மூடல் நேரத்தில் பம்பு நின்றுவிடும். மொத்தம் 23. நாளுக்கு 15.5 யூனிட் மிச்சம். மாதம் 26 நாள் வேலை என்றால் சுமார் 400 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று போட்டால் 4,000 ரூபாய். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 15.5-இல் 11 யூனிட், கன் மூடியபோது பம்பை நிறுத்தியதால் மட்டும் வந்தது. அதற்கு டிரைவ் தேவையில்லை. தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஒரு ஃபுளோ சுவிட்ச், ஒரு டைமர், இப்போதிருக்கும் ஸ்டார்ட்டர் போதும். வேகத்தைக் குறைத்ததால் வந்த மிச்சம் வெறும் நாலரை யூனிட், மாதம் 1,200 ரூபாய்க்குள். டிரைவ், சோக் (கரண்டின் துள்ளலை அடக்கும் சுருள்), பேனல், சென்சார், கூலி எல்லாம் சேர்ந்து 45,000 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், 4,000 கணக்கில் ஒரு வருஷத்துக்குள் போட்ட காசு வரும். 1,200 கணக்கில் மூன்று வருஷத்துக்கு மேல் இழுக்கும்.

ஆனால் ஸ்டார்ட்டரில் ஆட்டோ ஸ்டாப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. மோட்டாரை நேரடியாக லைனில் கிளப்பும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கிறது. மணிக்குப் பத்து முறைக்கு மேல் போனால் வைண்டிங்கும் கான்டாக்டரும் தாங்காது. அதனால் டைமரை 60 விநாடி, 90 விநாடி என்று நீட்டி வைக்க வேண்டியிருக்கும். சின்னச் சின்ன மூடல்களில் பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். டிரைவில் மெதுவாகக் கிளம்புவதால் 5 விநாடியிலேயே நிறுத்தலாம். கார் அதிகம், கன்னை அடிக்கடி திறந்து மூடும் கடை என்றால் டிரைவ். நீளமான மூடல் மட்டும் என்றால் டைமரே போதும். இதுதான் முடிவெடுக்கும் இடம்.

கன்னில் எப்போதுமே பிரஷர் அதிகமாக இருந்து, எந்த நேரமும் 40 ஹெர்ட்ஸ் போதும் என்று தோன்றினாலும் டிரைவ் வேண்டாம். மோட்டார் புல்லியைச் சின்னதாக மாற்றினால் தீர்ந்தது. அதற்கும் முன்னால் நாசிலைப் பாருங்கள். போர் தண்ணீரில் வரும் மணலும் உப்பும் நாசில் துளையை அரித்துப் பெரிதாக்கிவிடும். தண்ணீர் அதிகம் போகும், பிரஷர் இறங்கும், பையன் பைபாஸ் திருகை இறுக்குவான், மோட்டார் ஓவர்லோட் ஆகும். தேய்ந்த நாசிலோடு டிரைவை செட் செய்தால் எல்லா எண்ணும் தப்பாகத்தான் வரும். பெல்ட்டும் அப்படித்தான்: இரண்டு புல்லி நடுவிலுள்ள தூரத்தில் 100 மில்லி மீட்டருக்கு ஒன்றரை மில்லி மீட்டர் வீதம் அமுங்க வேண்டும், அதைவிடத் தொங்கினால் வழுக்கும்.

டிரைவ் வாங்கும்போது

எச்.பி.யைச் சொல்லி வாங்காதீர்கள். நேம் பிளேட் ஆம்பியரைச் சொல்லுங்கள். 7.5 எச்.பி. மோட்டாருக்கு 415 வோல்ட்டில் சுமார் 11 ஆம்பியர். பிளஞ்சர் பம்பு எந்த வேகத்திலும் ஒரே முறுக்கு விசை கேட்கும். அதனால் டிரைவின் ஹெவி டியூட்டி கணக்கிலுள்ள ஆம்பியர் 11-க்கு மேல் இருக்க வேண்டும். ஒரே டிரைவில் நார்மல் டியூட்டி, ஹெவி டியூட்டி என்று இரண்டு எண் அச்சிட்டிருக்கும். பெரிய எண்ணைக் காட்டி விற்பார்கள், அது ஃபேனுக்கும் சாதாரண சென்ட்ரிஃப்யூகல் பம்புக்கும் உரியது. இன்புட்டில் 3 சதவீத லைன் சோக் கேட்டு வாங்குங்கள். சிங்கிள் பேஸில் ஓடும் 2 எச்.பி. வாஷருக்கு டிரைவ் சரிப்படாது. கெப்பாசிட்டர் வைத்த மோட்டார் அது, கெட்டுப்போகும்.

அதைவிட முக்கியம், டிரைவை எங்கே மாட்டுவது என்பது. தண்ணீர் தெறிக்கும் என்று பயந்து காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் அடைத்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5.5 கிலோவாட்டில் 3 சதவீதம் என்றால் 165 வாட் சூடு. 600 × 800 × 250 மில்லி மீட்டர் பெட்டியைச் சுவரில் மாட்டினால் சூட்டை வெளியே விடும் பரப்பு ஒரு சதுர மீட்டர்தான். பெயிண்ட் அடித்த தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஐந்தரை வாட் விடும். ஆக உள்ளே வெளியைவிட 29 டிகிரி கூடும். சேலத்துச் சித்திரை வெயிலில் வெளியே 40 என்றால் உள்ளே 69. பெரும்பாலான டிரைவுகள் 40 அல்லது 50 டிகிரிக்குச் செய்தவை. மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டும் டிரைவ் டிரிப் ஆகிறது, காலையில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வழி இரண்டு. ஒன்று, ஆபீஸ் ரூம் போல் காய்ந்த தனி அறையில் ஃபில்டரோடு ஃபேன் வைத்த பேனல். மணிக்கு 65 கன மீட்டர் காற்று போனால் உள்சூடு வெளியைவிட 8 டிகிரிக்கு மேல் ஏறாது. ஃபில்டர் அடைக்கும் என்பதால் 100 கன மீட்டர் ஃபேனாகப் போடுங்கள். இரண்டு, பின்பக்கம் ஃபின் வைத்துத் தானே ஆறிக்கொள்ளும், தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 66 வகை டிரைவ். விலை கூடும், தனி அறை இல்லாதவர்களுக்கு அதுதான் சரி. எந்த வழியானாலும் கேபிளைப் பேனலின் அடியிலிருந்து கிளாண்ட் வைத்து ஏற்றுங்கள், மேலிருந்து இறக்காதீர்கள். சக்கரம் வெளுக்க வைத்திருக்கும் ஆசிட் கேன் பேனல் அறைக்குள் இருக்கவே கூடாது. அந்த ஆவி போர்டிலுள்ள தாமிரத்தைப் பச்சையாக்கிவிடும்.

ஏற்காட்டில் கடை என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். டிரைவின் ஆம்பியர் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் கழிக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஆக 5 சதவீதம். 13 ஆம்பியர் டிரைவ் 12.35 ஆகிவிடும், 11 ஆம்பியர் மோட்டாருக்கு அப்போதும் போதும். குளிர்ந்த காற்று வேறு கைகொடுக்கும். அங்கே சூட்டைவிடப் பனிதான் எதிரி. இரவில் டிரைவ் ஆறியதும் போர்டில் நீர் பூக்கும். காலையில் சுவிட்ச் போட்டதும் வெடிக்கும். பேனலுக்குள் 25 முதல் 40 வாட் ஹீட்டர் ஒன்று, டிரைவ் நின்றிருக்கும்போது மட்டும் எரிகிற மாதிரி மாட்டுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து ஒரு பேஸ் போவதும் இடி இறங்குவதும் அங்கே சகஜம் என்பதால் சர்ஜ் புரொடெக்டரும் வேண்டும்.

வயரிங்

பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் கழற்றும்போது பெரும்பாலும் நடக்கும் தப்பு, மோட்டாரின் ஆறு முனையை எப்படிச் சேர்ப்பது என்பதில். நேம் பிளேட்டில் 415 வோல்ட் டெல்டா என்று இருந்தால் யூ1–டபிள்யூ2, வி1–யூ2, டபிள்யூ1–வி2 என்று இணைக்க வேண்டும். ஸ்டாரில் சேர்த்துவிட்டால் முறுக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும். கன்னை அழுத்தியதும் டிரைவ் ஓவர் கரண்ட் காட்டி நிற்கும். டிரைவ் மட்டம் என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள்.

மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரைக் கட்டாயம் கழற்றுங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கெப்பாசிட்டர் இருந்தால் சுவிட்ச் போட்ட அன்றே டிரைவ் போய்விடும். ஒரு பேஸ் போனாலும் ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் பேஸ் கன்வெர்ட்டரையும் டிரைவுக்கு முன்னால் வைக்காதீர்கள்.

டிரைவிலிருந்து மோட்டாருக்கு ஷீல்டு கேபிள், 20 மீட்டருக்குள். 50 மீட்டரைத் தாண்டினால் அவுட்புட் சோக் வேண்டும். டிரைவ் அனுப்பும் மின்னழுத்தம் ஊசி ஊசியாகக் குத்தும். பழைய, இரண்டு மூன்று முறை வைண்டிங் கட்டிய மோட்டாரின் இன்சுலேஷன் அதைத் தாங்குவது சிரமம். அடுத்த முறை கட்டக் கொடுக்கும்போது டிரைவுக்கு ஓட்டப் போகிறோம், டூயல் கோட் வயரில் கட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மோட்டார் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆள் நிற்கும் தொழில் இது. டிரைவ் போட்டதும், எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும், டிரைவின் ஃபில்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்ட் விடுவதால். எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி எறிந்துவிடுவார். விடாதீர்கள். டிரைவுக்கு மட்டும் டைப் பி, 300 மில்லி ஆம்பியர் தனியாக. வேக்குவம், லைட், பிளக் பாயின்ட்டுக்குப் பழைய 30 மில்லி ஆம்பியர் அப்படியே இருக்கட்டும்.

இன்சுலேஷன் பார்க்கும் மெகர் வைத்து மோட்டாரைச் சோதிப்பதானால் டிரைவிலிருந்து கேபிளைப் பிரித்துவிட்டுத்தான். சேர்த்து வைத்து மெகர் அடித்தால் டிரைவுக்குள் சுவிட்ச் வேலை செய்யும் ஐ.ஜி.பி.டி. அவுட். மெயினை அணைத்தாலும் உள்ளே கெப்பாசிட்டரில் 550 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பத்து நிமிஷம் கழித்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

பிரஷர் சென்சாரா, செலக்டர் சுவிட்சா

ஒரு பம்பு, ஒரே கன் இருக்கும் சின்னக் கடைக்குச் சென்சார் வைத்த ஆட்டோ கண்ட்ரோல் தேவையில்லை. மூன்று நிலை செலக்டர் சுவிட்ச் ஒன்று போதும்: முழு, நடு, பைக். ஒரே நாசில் வழியாகத் தண்ணீர் போகும்போது வேகம் குறைந்தால் பிரஷர் அதன் வர்க்கத்தில் குறையும், கரண்ட் அதன் கனத்தில் குறையும். 40 ஹெர்ட்ஸில் 120 பார் 77 ஆகும், தண்ணீருக்குப் போகும் சக்தி பாதி. 35 ஹெர்ட்ஸில் 59 பார், மூன்றில் ஒரு பங்கு. ஸ்கூட்டருக்கும், என்ஜின் அறைக்கும், பெயிண்ட் உரிந்த பழைய காருக்கும் 60 பார் தாராளம். அங்கே 120 அடித்தால் கெடுதல்தான்.

இரண்டு கன் என்றால் சென்சார் வேண்டும். பிரஷரை மில்லி ஆம்பியராகச் சொல்லும் 0–250 பார், 4–20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டர். பிளஞ்சர் அடிக்கும் அடியில் நேரடியாக மாட்டினால் ஆறே மாதத்தில் போய்விடும். அடியைத் தணிக்கும் சின்னத் துளை ஸ்னப்பர் வைத்து, குட்டி ஹோஸில் தள்ளி, சுவரில் மாட்டுங்கள். வரிசை இப்படி இருக்க வேண்டும்: பம்பு, பைபாஸ் வால்வு, தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு, ஃபுளோ சுவிட்ச், டிரான்ஸ்மிட்டர், கன். டிரான்ஸ்மிட்டர் நான்-ரிட்டர்ன் வால்வுக்குக் கன் பக்கம் இருந்தால்தான் பம்பு நின்றபின் ஹோஸில் நிற்கும் பிரஷர் அதற்குத் தெரியும். கன்னை அழுத்தியதும் இறங்கும் பிரஷரைப் பார்த்து எழுப்பும். ஃபுளோ சுவிட்ச் லைன் பிரஷருக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள். சிக்னல் ஒயரை மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் விடக் கூடாது. அதன் ஷீல்டு டிரைவ் பக்கம் மட்டும் எர்த்.

செட்டிங்:

மோட்டார் எண்கள் நேம் பிளேட் படி: 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஆம்பியர், 1440.
குறைந்த வேகம் 25 ஹெர்ட்ஸ், அதிக வேகம் 50. கேரியர் (டிரைவ் உள்ளே சுவிட்ச் ஆகும் வேகம்) 4 கிலோ ஹெர்ட்ஸ்.
ஏறும் நேரம் 3 விநாடி. நிற்பது தானாக ஓய்ந்து நிற்கும்படி.
வி/எஃப் (வோல்ட்–ஹெர்ட்ஸ்) வளைவு நேர்கோடு. ஆட்டோ ரீஸ்டார்ட் ஆஃப்.
சேஃப்டி வால்வு 150 பார், பைபாஸ் 130, டிரைவின் இலக்கு 115.
தண்ணீர் நின்று 5 விநாடியில் தூக்கம். 80 பாருக்குக் கீழே இறங்கினால் விழிப்பு.

இதில் பைபாஸும் இலக்கும் உள்ள வரிதான் உயிர். டிரைவின் இலக்கு பைபாஸ் திறக்கும் பிரஷரைவிட 10, 15 பார் கீழே இருக்க வேண்டும். இலக்கு 120, பைபாஸும் 120 என்று வைத்தால், பைபாஸ் திறந்து தண்ணீர் சுற்ற ஆரம்பிக்கும், பிரஷர் எட்டவில்லையே என்று டிரைவ் வேகத்தைக் கூட்டும், 50 ஹெர்ட்ஸிலேயே நாள் முழுக்க நிற்கும். காசைக் கொட்டி டிரைவ் போட்டும் பில் குறையவில்லை என்கிற கடைகளில் முதலில் டிஸ்பிளேயில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். ஒரு கன் அடிக்கும்போதும் 50 காட்டினால் இதுதான் சங்கதி. பைபாஸையும் சேஃப்டி வால்வையும் கழற்றிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிளஞ்சர் பம்புக்குத் தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும்.

115 பாரில் டிரான்ஸ்மிட்டர் 11.4 மில்லி ஆம்பியர் தர வேண்டும். மீட்டர் வைத்துப் பாருங்கள். வராவிட்டால் டிரைவில் ரேஞ்ச் தப்பாகப் போட்டிருக்கிறது. வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் பிரஷரைப் பார்த்து வேகத்தை மாற்றும் பி.ஐ.டி. கணக்கின் கெயினைப் பாதியாக்குங்கள், சிக்னல் ஃபில்டரை 0.2 விநாடி வையுங்கள். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை பம்பு தானாக விழித்துத் தூங்கினால் நான்-ரிட்டர்ன் வால்வோ கன் வாஷரோ கசிகிறது.

25 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாததற்குக் காரணம், மோட்டாரின் வால் ஃபேன் அதே ஷாஃப்டில் சுற்றுகிறது. வேகம் பாதியானால் காற்றும் பாதி. முறுக்கு மட்டும் முழுசு. ஒரு கன்னிலேயே மணிக்கணக்காக ஓட்டுவீர்கள் என்றால் மோட்டாருக்குத் தனி கூலிங் ஃபேன் வையுங்கள். பம்பின் கிராங்கும் எண்ணெயைத் தெறித்துத்தான் நனைகிறது; குறைந்தபட்ச ஆர்.பி.எம். எவ்வளவு என்று பம்புப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ ரீஸ்டார்ட்டை அணைத்தது எதற்கென்றால், கரண்ட் போய் வந்ததும் பெல்ட்டில் கை வைத்திருப்பவன் கையோடு பம்பு கிளம்பக் கூடாது. தூக்கத்தில் இருக்கும் பம்பும் நின்ற பம்பல்ல. பெல்ட், நாசில் எதைத் தொட்டாலும் ஐசொலேட்டரை அணைத்து, கன்னை அழுத்தி ஹோஸ் பிரஷரை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். செட்டிங்குக்குப் பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள். இரண்டாம் நாளே பையன் “அண்ணே, பவர் கம்மியா வருது” என்பான். விட்டால் மூன்றாம் நாள் எல்லாம் 50 ஹெர்ட்ஸில் இருக்கும்.

மற்ற மோட்டார்கள்

ஆட்டோமேடிக் வாஷில் கார் காய வைக்கும் பெரிய புளோயர்தான் டிரைவுக்கு உண்மையான சொந்தக்காரன். 40 ஹெர்ட்ஸில் பாதி கரண்ட், 25-இல் எட்டில் ஒரு பங்கு. ஒரு கார் போய் அடுத்தது வரும்வரை நிறுத்தாமல் 20 ஹெர்ட்ஸில் சுற்றவிட்டு, சென்சார் காரைப் பார்த்ததும் ஏற்றுங்கள். கனமான சக்கரம் என்பதால் சட்டென்று நிறுத்தினால் மோட்டாரே ஜெனரேட்டராகி டிரைவ் ஓவர் வோல்டேஜில் விழும். இறங்கும் நேரத்தை 20 விநாடிக்கு மேல் வையுங்கள்.

போர்வெல் மோட்டாருக்கு டிரைவ் பெரும்பாலும் வீண். நம் பக்கத்துப் போர்கள் ஆழம். தண்ணீர் 200 மீட்டரில் இருந்து, பம்பு அதிகபட்சம் 250 மீட்டர்தான் தள்ளும் என்றால், 44.7 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. மோட்டார் மட்டும் கிணற்றுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபுளோட் சுவிட்ச் வைத்து, டேங்க் நிறைந்ததும் நிறுத்துவதே போதும்.

நுரை டேங்குக்கும் லிஃப்டுக்கும் ஓடும் பிஸ்டன் கம்ப்ரசரிலும் டிரைவைவிடக் கசிவு அடைப்பதுதான் லாபம். கடை மூடியபின் யாரும் காற்று எடுக்காத நேரத்தில் கம்ப்ரசரை ஓடவிடுங்கள். 2 நிமிஷம் ஓடி 6 நிமிஷம் நின்றால், எட்டில் இரண்டு, 25 சதவீதம் கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு கப்ளிங்காகப் பாருங்கள். கட்-அவுட் பிரஷரை 1 பார் இறக்கினால் 6, 7 சதவீதம் கரண்ட் குறையும். லிஃப்ட் ஏறுகிற அளவுக்கு இறக்கிப் பார்த்து, அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் விடியற்காலையிலிருந்து ராத்திரிவரை இரண்டு கன்னும் ஓயாது. டிரைவ் படுத்துக்கொள்வதென்றால் அன்றைக்குத்தான் படுக்கும். மூன்று நிலை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று போட்டு, ஒரு பக்கம் டிரைவ், நடுவில் ஆஃப், மறுபக்கம் ஸ்டார்ட்டர் என்று வையுங்கள். சுவிட்ச் டிரைவின் அவுட்புட் மூன்று ஒயரையும் முழுசாகப் பிரிக்க வேண்டும். மெயின் கரண்ட் டிரைவுக்குள் பின்பக்கமாக ஏறினால் அது அதோடு சரி. பம்பு ஓடும்போது சுவிட்சைத் திருப்பக் கூடாது என்று பெயிண்டில் பேனல் கதவிலேயே எழுதிவிடுங்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் ஹீட் சிங்க் ஃபின்னையும் பேனல் ஃபில்டரையும் காய்ந்த காற்றால் ஊதி, மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறந்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டார்ட்டர் பக்கமும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வையுங்கள்.